அடுத்த வீட்டு அழுகுரல்

சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிச் செல்லும் சாலையிலே, அம்மாப்பேட்டையைக் கடந்து கிழக்கே சென்றால் அயோத்தியாப்பட்டணம். ஊர்ப்பெயருக்கு ஒரு கதை சொல்வர். இலங்கையிலிருந்து மீண்ட இராமன் இங்கே தங்கினானாம். முடிசூட்டுக்குக் குறித்த வேளை நெருங்கிவிடவே, இங்கேயே முடிசூட்டிக் கொண்டானாம். ஆகவே இதுவும் ஓர் அயோத்தி ஆயிற்றாம். கோதண்டராமர் கோயிலைச் சுற்றி வழங்கும் கதை இது.

இதை வரலாறென நாம் ஏற்பதில்லை. ஏற்போரிடம் ஒன்று மட்டும் கேட்கிறோம். முடிசூட்டோடு கதை முடிந்துவிட்டதா? உத்தரகாண்டம் என்ன சொல்கிறது? ஊரார் பேச்சுக்கு அஞ்சிய கணவன், கருவுற்ற மனைவியைக் காட்டிலே விட்டுவரச் செய்தான். அமைச்சர் இருந்தனர், குலகுரு இருந்தார், குடிமக்கள் இருந்தனர். தடுத்தவர் யார்? அவளைப் பழித்தபோது ஊருக்கு வாய் இருந்தது. அவள் வெளியேற்றப்பட்டபோது அந்த வாய் எங்கோ காணாமற் போயிற்று! இறுதியில் இடம் தந்தவர் உற்றாருமல்லர், உறவினருமல்லர். வால்மீகி என்னும் அயலார்.

அயலார் என்ற அந்தச் சொல்லிலேதான் நம் கேள்வி பிறக்கிறது. அடுத்த வீட்டில் அடி விழும் ஓசை கேட்கிறது, அழுகுரல் எழுகிறது, பிறகு அடங்குகிறது. கேட்டவருக்கு அதிலே கடமை ஏதும் உண்டா?

"குடும்ப விவகாரம், நமக்கேன் வம்பு?" என்பர் பெரியோர். அதே வீடு தீப்பற்றினால் குடத்தோடு ஓடுவர். கள்வன் புகுந்தால் தடியோடு ஓடுவர். அதே பெண்ணை அந்நியன் ஒருவன் கடைவீதியில் கைநீட்டி அடித்தால், கூட்டம் கூடி அவன் எலும்பை எண்ணிவிடும். அடித்த கை தாலி கட்டிய கை என்று தெரிந்தாலோ, கூடிய கூட்டம் கலைந்துவிடும்! அடி ஒன்றுதான், வலி ஒன்றுதான், குருதியின் நிறமும் ஒன்றுதான். மாறியது நம் பார்வை. தாலி என்ன, அடிப்பதற்கென்று வழங்கிய உரிமச் சீட்டா?

கல்லானாலும் கணவன் என்று கற்பித்த நாடு இது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஆறுதல் சொல்லும் நாடு இது. அணைக்கும் கை ஏன் அடிக்க வேண்டும் என்று மட்டும் எவரும் கேட்டாரில்லை.

"நாங்கள் இருபக்கமும் சாராத நடுநிலையாளர்" என்போரும் உளர். ஒருவன் அடிக்கிறான், ஒருத்தி அடிபடுகிறாள்; இடையிலே எங்கே நிற்கிறது இவர்தம் நடுநிலை? அடிப்பவன் அயலாரிடம் எதையும் கேட்கவில்லை. சும்மா இருந்தால் போதும் என்கிறான். கேட்பவள் அவள் ஒருத்திதான். ஆகவே சும்மா இருப்பவர், அவன் கேட்டதைக் கொடுத்துவிட்டவர் ஆகிறார்.

இனி, "அவ்வளவு கொடுமை என்றால் அவள் ஏன் வெளியேறவில்லை?" என்ற கேள்வி. படித்தவரும் கேட்பது. அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு நெசவு வீட்டை நினைத்துப் பாருங்கள். தறியில் அவன், தார் சுற்றுபவள் அவள். இருவர் உழைப்பு, ஒரு சேலை. கூலியோ அவன் கையில். அவள் வெளியேறினால் வீடு போகிறது, வேலையும் போகிறது. பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது என்று தெரியவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனால், இரண்டு நாள் சோறு போட்டு, மூன்றாம் நாள் "பொறுத்துப் போ அம்மா, தங்கைக்கு இன்னும் மணமாகவில்லை" என்று பேருந்து ஏற்றிவிடுவர். கதவு திறந்திருக்கிறது, வழிதான் இல்லை!

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி தேடியவர், இந்திய அளவில், 100க்கு 14 பேர். 77 பேர் ஒருவரிடமும் வாய் திறக்கவே இல்லை. அந்த 77 பேருக்கும் அண்டை வீடுகள் இல்லாமலா போயின?

சட்டம் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்கள் பாதுகாப்புச் சட்டம், அடியை மட்டும் வன்முறை என்று கூறவில்லை. இழிசொல்லும், மிரட்டலும், செலவுக்குப் பணம் மறுப்பதும் வன்முறையே என்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்கிறது. நீதிமன்றத்தில் மனு வந்தால், முதல் விசாரணையை மூன்று நாட்களுக்குள் வைப்பதே வழக்கமாக இருக்க வேண்டும் என்கிறது. இவற்றினும் நாம் போற்றுவது அதன் நான்காம் பிரிவு: கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு எதுவும் வராது. "நமக்கேன் வம்பு" என்ற சாக்கு, சட்டப்படி அன்றே செத்தது.

181 என்ற எண்ணை இரவும் பகலும் அழைக்கலாம். மகளிர் காவல் நிலையங்கள் உண்டு. மருத்துவமும், சட்ட உதவியும், சில நாள் தங்க இடமும் ஓரிடத்திலே தரும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் வந்தன. வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி, வருமானம் பாராது எல்லாப் பெண்களுக்கும் உரியது. இவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மணவிலக்கு உரிமையும் சொத்துரிமையும் பெண்ணுக்கு வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டு மாநாடு தீர்மானித்தபோது சிரித்தவர்கள் இருந்தனர். இலண்டன் சிசிக்கில் அடிபட்ட மனைவியர்க்கென ஒரு சிறு புகலிடம் 1971இல் திறக்கப்பட்டபோது, உலகத்தில் அப்படிப்பட்ட வீடுகள் அரிதினும் அரிதாகவே இருந்தன.

ஆர்வம் மிகுந்த இளைஞர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அழுகுரல் கேட்டதும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் சட்டையைப் பிடிக்கப் போகாதீர்! நீங்கள் வீரம் பேசித் திரும்பிய பின், கதவடைத்த வீட்டுக்குள் அதற்கு விலை கொடுப்பவள் அவள். பிரிய முயலும் வேளையே பெரும்பாலும் ஆபத்து மிகுந்த வேளை என்பது இத்துறையில் உழைப்போர் அறிந்த உண்மை. போகலாமா, இருக்கலாமா, எப்போது, எங்கே? முடிவு அவளுடையது. கணவன் சொன்னபடி நடந்தவளை, இனி நாம் சொன்னபடி நட என்றால், எசமானன் மாறினானே தவிர அடிமைத்தனம் மாறவில்லை. உயிருக்கே ஆபத்து என்னும் அந்த நேரத்தில் மட்டும், எவரையும் கேட்டுக்கொண்டிராது காவல்துறையை அழைக்க வேண்டியதுதான்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும், கசந்தாலும். மேடையில் பெண் விடுதலை முழங்கிவிட்டு, வீட்டில் குழம்பில் உப்பு மிகுந்ததென்று தட்டை எறிபவர் நம்மிடையே இல்லையா? தோழர் என்பதால் அவர் வீட்டு அழுகுரலுக்கு மட்டும் நம் செவி மந்தமாகிறது. சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் சட்டமாக்கிப் பெருமை கொண்டோம். வாழ்க்கை ஒப்பந்தம் என்று அழகாகப் பெயரும் சூட்டினோம். ஒப்பந்தத்தை மீறியவர் மாலை போட்டுக்கொண்டு மேடையில் அமர்ந்திருக்கிறார், நாம் கைதட்டுகிறோம்.

அயோத்தியாப்பட்டணத்திலும் அதைப்போன்ற ஊர்களிலும் உள்ள நம் படிப்பகங்களின் சுவரில் 181 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வைக்கலாம். அதைவிடப் பயனுள்ளது, தோழர்களின் துணைவியரும் தமக்கையரும் செய்யக்கூடியது. அவன் வீட்டில் இல்லாத வேளையிலே, தண்ணீர்க் குழாயடியிலோ நியாயவிலைக் கடை வரிசையிலோ அவளருகே நின்று, "இரவு சத்தம் கேட்டதம்மா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது. முதல் நாள் அவள் ஒன்றுமில்லை என்பாள். மறுபடியும் கேட்பது. குடும்ப அட்டையின் படியையும், பிள்ளைகளின் சான்றிதழ்களையும், பேருந்துச் செலவுக்குக் கொஞ்சம் பணத்தையும் அவள் ஒரு பையில் கட்டிக் கொடுத்தால், வாங்கிப் பரணில் வைத்து, அவள் கேட்கும் நாள்வரை அதைப்பற்றி ஒருவரிடமும் பேசாமல் இருப்பது.