ஆமையும் படக்கருவியும்

காண்பது வேறு, கைப்பற்றுவது வேறு. கண்ணாற் கண்டதை நெஞ்சில் இருத்திக்கொண்டு வீடு திரும்பிய காலம் போய், கண்டதையெல்லாம் படமாக்கிக் கையோடு கொண்டுவரும் காலத்தில் நாம் வாழ்கிறோம். உயிருள்ள ஒன்றைப் படம்பிடிக்கும்போது அவ்வுயிருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? இவ்வினாவை ஆமையை முன்வைத்து ஆராய்வது பொருத்தமாகும். விரைந்தோடித் தப்பவும், குரலெழுப்பித் தடுக்கவும் இயலாத உயிர் அது.

ஒடிசாக் கடற்கரையில், ருசிகுல்யா ஆறு கடலொடு கலக்குமிடத்திலும், கஹிர்மாதாவிலும் பங்குனி ஆமைகள் திரள்திரளாகக் கரையேறி முட்டையிடுகின்றன. கஹிர்மாதாவின் சிறப்பை அறிவியலுலகம் 1974இல் அறிந்தது; ருசிகுல்யாவின் சிறப்பு 1994இல் வெளிப்பட்டது. 1997இல் கஹிர்மாதா கடல்வாழ் உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் ருசிகுல்யாவில் மட்டும் ஏறத்தாழ 7 இலட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கிட்டனர். பெண் ஆமை பின்துடுப்புகளால் மணலைத் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்கே திரும்பிவிடும். ஏறத்தாழ ஐம்பது நாள் கழித்து வெளிப்படும் குஞ்சுகள், இரவில் ஒளி மிகுந்த அடிவானம் எதுவோ அதுவே கடல் என நம்பி நடக்கின்றன.

இந்த நம்பிக்கையில்தான் படக்கருவி குறுக்கிடுகிறது. கரையேறி வரும் ஆமை, விளக்கொளியையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். கரையின் ஒளியால் மயங்கிய குஞ்சு கடலுக்கு எதிர்த்திசையில் நடந்து, நண்டுக்கும் நாய்க்கும் இரையாகும். கோஸ்டாரிகா நாட்டின் ஒஸ்தியோனால் கரையில் 2015 செப்டம்பரில், படமெடுக்கத் திரண்ட கூட்டம் வழிமறித்ததால் ஆமைகள் பல முட்டையிடாமலே கடல் புகுந்தன. தாய்மையைப் படம்பிடிக்க வந்தோர் தாய்மையையே தடுத்துவிட்டனர்! இதனினும் பெரிய முரண் உண்டோ?

படம் இழைக்கும் தீங்கு இவ்வொன்று மட்டுமன்று. அது பொய்யும் சொல்லும். முட்டையிடும் ஆமையின் கண்ணில் நீர் வழிவதைப் படமெடுத்து, 'பிள்ளைகளைப் பிரியும் தாயின் கண்ணீர்' என்று தலைப்பிடுவோர் பலர். உண்மையில் அது உடலில் மிகும் உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர். கடலுக்குள்ளும் அது சுரந்துகொண்டே இருக்கும். நம் சங்கப் புலவர்க்கும் இவ்வியல்பு இருந்தது. மணலில் புதைத்த முட்டைகளை ஆண் ஆமை காத்திருப்பதாக அகநானூற்று நெய்தற் பாடலொன்று கூறும். ஆண் ஆமையோ கரைக்கு வந்து காவல் இருப்பதில்லை. ஆயினும் பாட்டைப் பாட்டென்று அறிந்தே படிக்கிறோம். படத்தையோ சான்றென்று கொள்கிறோம். ஆதலின் படமெடுப்போன் சுமக்கும் வாய்மைப் பொறுப்பு புலவனுடையதினும் பெரிது.

இனி, அடைபட்ட ஆமையை நோக்குவோம். காட்டில் எடுத்ததே மெய்ப்படம், அடைப்பில் எடுத்தது போலி என்பார் உளர். அடைப்பு என்பது ஒரே தன்மைத்தன்று என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். கல்கத்தாவின் அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையில் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து 2006இல் மறைந்த 'அத்வைதா' என்னும் பேராமை, இந்துமாக்கடலின் அல்டாப்ராத் தீவினம். இராபர்ட் கிளைவிடம் இருந்ததென்பது வழிவழி வந்த கதை. அஃது அடைபட்டது மனிதரின் பெருமைக்காக. சுந்தரவனத்துச் சஜ்னேகாலியில், இயற்கையில் ஏறத்தாழ அற்றுப்போன 'படாகூர் பாஸ்கா' என்னும் ஆற்றாமையைக் குளங்களில் வைத்துப் பெருக்குகின்றனர். அஃது அடைபட்டது தன் குலம் பிழைப்பதற்காக. நகரத்து அடுக்ககத்தின் கண்ணாடித் தொட்டியில் கிடக்கும் நட்சத்திர ஆமையோ வெறும் ஆசைக்காக அடைபட்டது. அதனை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். பன்னாட்டு வணிகத்தின் கடுமையான தடைப்பட்டியலிலும் 2019இல் அது சேர்க்கப்பட்டது. ஆயினும் அதன் அழகிய ஓட்டைக் காட்டும் ஒவ்வொரு படமும், காண்பவர் நெஞ்சில் 'நமக்கும் ஒன்று வேண்டும்' என்னும் வேட்கையை விதைக்கிறது. அவ்வேட்கை முளைக்குந்தோறும் புதர்க்காட்டில் ஓர் ஆமை குறைகிறது.

எனவே, எங்கே எடுத்த படம் என்பது மட்டும் கேள்வியன்று. படத்தின் விலையைச் செலுத்தியது யார் என்பதே கேள்வி. சஜ்னேகாலிக் குளக்கரையில் எடுத்து, இன்ன இடத்தில் எடுத்தது என்று உண்மை கூறும் படம், ருசிகுல்யாவில் ஒளி பாய்ச்சி எடுத்த படத்தினும் அறத்தால் உயர்ந்தது. வேலியை வெட்டி நீக்கிவிட்டு, அடைபட்டதைக் காட்டில் திரிவதாகக் காட்டினால், அதுவே பொய்யாகிவிடும்.

அவ்வாறாயின் படக்கருவியையே துறந்துவிடலாமா? அதுவும் தீர்வாகாது. இழுவை வலைகளில் சிக்கி மூச்சுத்திணறி மாண்டு, ஒடிசாக் கரையில் ஒதுங்கும் ஆமைகளின் படங்களே தொலைநகரங்களில் வாழ்வோர்க்கு அவ்வவலத்தைக் கண்முன் நிறுத்தின. தில்லியிலும் நாகபுரியிலும் கடலோசை கேளாது வளரும் நம் பிள்ளைகளுக்கு, நெய்தல் நிலத்தைக் காட்டும் முதல் ஆசானும் படமே. ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்த நம் இல்லங்களில், ஊர்க் கோபுரமும் பாட்டியின் முகமும் சுவரில் தொங்கும் படங்களாகவன்றோ நம்மொடு வாழ்கின்றன? படத்தின் அருமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வருமை அறிந்த நாமே அதற்கொரு வரம்பும் வகுத்தல் வேண்டும்.

ஐம்பொறிகளை அடக்குவதற்கு வள்ளுவர் காட்டிய உவமை ஆமை. தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமையே அவர் காட்டியது. கடலாமைக்கு அவ்வாற்றல் இல்லை. தலையும் துடுப்புகளும் வெளியிலேயே நிற்கும். நம் ஒளியிலிருந்து அது தன்னை ஒளித்துக்கொள்ள இயலாது. ஆதலின், அவ்வடக்கம் கரையில் நிற்கும் நம்மிடம் இருந்தாக வேண்டும். விளக்கை அணைத்து, விலகி நின்று, அது மணலை மூடிக் கடல் சேரும்வரை பொறுத்திருப்போம். படம் கிடைத்தால் நன்று. கிடைக்காவிடினும், கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் தமிழ் இருக்கிறது.