முகத்துக்குக் கூலி எது?



சினிமாப் படம் பிடிப்பவர்களை நம் ஊர் நன்றாய் அறியும். 1981-இல் ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986-இல் ‘கடலோரக் கவிதைகள்’ ஆகிய படங்கள் நம் பாறைகளையும் கடற்கரையையும் தமிழ்நாடெங்கும் காட்டின. முட்டம் என்றதும் இன்றும் அந்தக் கதைகளின் காதலர்களை நினைப்பவர்கள் உண்டு. கடலுக்குப் போனவன் கரை சேரும்வரை அவன் வீட்டார் படுகிற பாடு அவர்களுக்குத் தெரியாது. ஆகையால் இந்த வாரம் நாம் யோசிக்கப்போகும் கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. எளியவனுடைய வாழ்வைப் படம் பிடிக்கிறவன் அவனுக்குக் கடன்பட்டவனா?

அந்தமானில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடவைத்துப் பிடித்த படம் 2012-இல் வெளியாகி உலகத்தை வெட்கப்படுத்தியது. அது பாவம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நல்ல படத்தில்தான் கேள்வி கடினமாகிறது.

முதுமலைத் தெப்பக்காட்டில் தாயை இழந்த ரகு என்னும் யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியர் காட்டுநாயக்கர் குலத்தவர். அவர்களைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023 மார்ச் மாதம் ஆஸ்கார் விருது பெற்றது. காட்டைக் காப்பவை வேலியும் துப்பாக்கியும் மட்டுமல்ல, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் கைகளுமே என்பதை அந்தப் படம் அழகாய்க் காட்டியது. தமிழக அரசு இருவருக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தது. பெள்ளிக்கு யானைக் காவடி வேலையும் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தங்களுக்குச் சொன்ன வாக்கு நிறைவேறவில்லையென்று தம்பதியர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினதாகவும், படத்தார் அதை மறுத்ததாகவும் செய்தி வந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பிட நாம் யார்? ஆனால் அப்படியொரு கேள்வி எழக்கூடியது என்பதையாவது நாம் மனதில் வைக்க வேண்டும்.

“படத்தினால் காட்டுக்கு நன்மைதானே?” என்பீர்கள். உண்மைதான். என்றாலும் நல்ல நோக்கம் சம்மதத்துக்கு ஈடாகாது. “கூலி கொடுத்தாயிற்றே” என்பாரும் உண்டு. ஒரு நாள் வேலைக்குக் கூலி உண்டு; முகத்துக்குக் கூலி எது? பிறகு இரக்கப்பட்டுக் கொடுப்பது தர்மம். முன்னமே கேட்டு, எடுத்ததை அவர்களுக்குக் காட்டி, வந்ததில் பங்கு கொடுப்பது நீதி. நீதிக் கடனைத் தர்மத்தால் தீர்க்க முடியாது.

நம் மலைத் தொடரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1987-இல் அகத்தியமலைக் காணிக்காரர் ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து பிறந்தபோது, கிடைத்த பணத்தில் பாதி காணிக்காரருக்கென்று ஒதுக்கப்பட்டது. எல்லாக் காணிக்காரரையும் கேட்கவில்லையே என்ற குறை எழுந்தது மெய். ஆயினும் அறிவு அவர்களுடையது, ஆகவே பங்கும் அவர்களுடையது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ நிருபத்திலும், பழங்குடியாரின் நிலத்தைத் தொடும் காரியங்களில் முதன்மையாய்ப் பேசவேண்டியது அவர்களோடுதான் என்கிறார்.

பெற்றோரே, பேச்சிப்பாறைக்கு அப்பாலுள்ள காணிக் குடியிருப்புகளுக்கு உங்கள் பிள்ளைகளும் விடுமுறையில் செல்போனோடு போகிறார்கள். திரும்பி வந்து அவன் காட்டும் படத்தில் ஒரு கிழவி இருந்தால், அவள் பேர் என்ன, எடுக்கலாமா என்று கேட்டாயா என்று விசாரியுங்கள். கேட்கவில்லையென்றால், யாருக்கும் அனுப்புமுன் அதை அழித்துவிடச் சொல்லுங்கள்.