உன்னதமான வேலைக்கு ஓ.டி. கிடையாது

வடசென்னையில் இருக்கும் சடையங்குப்பத்தில் ஒருவர் வீட்டுக்குப் போவதற்கு முன் "இன்னைக்கு என்ன ஷிப்ட்?" என்று கேட்டுக்கொள்வது வழக்கம். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. எண்ணூரில் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு. இந்த வட்டாரத்தில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் சத்தம் போடாமல் விளையாடப் பழகியிருக்கும். நானும் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன்தான். எட்டு மணி நேரம் கம்பெனிக்கு, மீதி எனக்கு. அதற்கு மேல் ஒரு நிமிஷம் நின்றாலும் அது ஓ.டி. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த என் அண்ணன் மகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். கடல் கடந்து பிழைக்கப் போவது எங்களுக்குப் புதிதல்ல, பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் குடியேறிய பர்மா நகர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இவள் வேலை எந்த ஷிப்டிலும் அடங்கவில்லை. பகலில் கணக்கு டீச்சர். மாலையிலிருந்து விடுதிக்குப் பொறுப்பு. காலை ஐந்தரைக்கு மணி அடித்ததும் பிள்ளைகளை எழுப்பி, படுக்கையை ஒழுங்கு செய்யவைத்து, சேப்பலுக்குக் கூட்டிப்போய், வகுப்பெடுத்து, மைதானத்தில் நின்று, ராத்திரிப் படிப்பையும் மேற்பார்த்து, ஒன்பதரைக்கு விளக்கணைக்க வேண்டும். பிறகு எனக்குப் போன் செய்வாள். அப்போது நம்மூரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். பழைய நைட் ஷிப்ட்காரனுக்கு அது ஒரு நேரமே இல்லை.

அவளுடைய அறைக்கும் பிள்ளைகள் படுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டும் சத்தம் எனக்கும் கேட்கும். தட்டுகிற விதத்திலேயே யார் என்று சொல்லிவிடுவாள்.

"காய்ச்சல்னு வருவான் சித்தப்பா. தொட்டுப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. நெத்தியில கை வைக்க ஆள் வேணும், அவ்ளோதான். ரெண்டு நிமிஷம் கையை எடுக்காம வெச்சிருந்தா அவனே போய்ப் படுத்துக்குவான்."

உனக்கு எத்தனை மணிக்கு டியூட்டி முடியும் என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தாள். "இங்க யாரும் அப்படிக் கணக்குப் பாக்க மாட்டாங்க. எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி."

யூனியனில் காலம் தள்ளியவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்' என்று மேலே இருப்பவர் ஆரம்பித்தாலே போனஸில் கை வைக்கப்போகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். 1918இல் பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, மதியச் சோற்றை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று. அந்த அரை வயிற்றுச் சோற்றிலிருந்து தொடங்கித்தான் நேரத்துக்குக் கணக்கு வந்தது. ஆசிரியர்கள் மட்டும் கணக்குக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். கோவாவில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் வேலையிழந்த ஆசிரியை தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கற்பிப்பது உன்னதமான பணி, அதைச் செய்கிறவர் அன்றைய தொழில் தகராறுச் சட்டம் சொன்ன 'தொழிலாளர்' ஆக மாட்டார் என்று 1988இல் தீர்ப்பானது. மாலை போட்டுப் பாதுகாப்பைப் பிடுங்கிக்கொள்வது என்றால் இதுதான்.

சரி, கடல் தாண்டி இங்கே வந்து பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் எப்படி இருந்தார்கள்? பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை 1837இல் அர்மேனியன் தெருவில் தொடங்கிய ஜான் ஆண்டர்சன், ஸ்காட்லாந்துக்காரர். 1855இல் அவர் இறந்தபோது வயது ஐம்பதைத் தொடவில்லை. கூட உழைத்த ராபர்ட் ஜான்ஸ்டன் அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். மதுரைப் பக்கம் இருந்த அமெரிக்க மிஷனரிகளும் காய்ச்சலிலும் காலராவிலும் அடுத்தடுத்துச் செத்தார்கள். கொடைக்கானலில் 1845இல் முதல் பங்களாக்கள் எழும்பியது இயற்கை அழகுக்காக என்றுதான் சுற்றுலா வரும் நாம் நினைப்போம். உயிர் பிழைக்க ஏறிய மலை அது. அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901இல் அங்கே ஒரு பள்ளியும் வந்தது. கல்லறைகள் பெருகிய பிறகுதான், ஊழியக்காரனுக்கும் ஓய்வு வேண்டும் என்று மிஷன்களுக்கு உறைத்தது. கோடையில் சில வாரம் மலை, சில வருஷத்துக்கு ஒருமுறை தாயகத்துக்கு நீண்ட விடுப்பு என்று ஏற்பாடுகள் வந்தன. நாற்காலியில் உட்காரவைத்து அவர்களை மலைக்குத் தூக்கிக்கொண்டு போன கூலிக்காரர்களுக்கு எந்த விடுப்பும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லியும் என் அண்ணன் மகள் மசியவில்லை. டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேலைக் கொண்டுவந்து நிறுத்தினாள். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் இங்கேயே இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். அவரோடு இருந்தவர்களுக்கும் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அங்கே வெளிநாட்டுப் பெண்களைக் குழந்தைகள் 'சித்தி' என்றார்கள், நம்மூர்ப் பெண்களை 'அக்காள்', ஆண்களை 'அண்ணாச்சி'. "சித்தின்னு கூப்பிட்டா ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுந்துதானே ஆகணும்?" என்றாள்.

பதில் சொல்லக் கொஞ்சம் திணறித்தான் போனேன். நியாயம் அவள் பக்கமும் இருக்கிறது. நேரத்தைக் கணக்காக வாங்கிக்கொண்ட நாங்கள் அதை வைத்து என்ன சாதித்தோம்? நைட் ஷிப்ட் முடித்து வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்கினோம். எங்கள் பிள்ளைகளின் நெற்றியில் கை வைத்தது அவர்களுடைய அம்மா. அவளுக்கு எந்தச் சட்டத்திலும் ஷிப்ட் கிடையாது. அதை நான் ஒருநாளும் சங்கக் கூட்டத்தில் பேசியதில்லை.

ஆனாலும் ஏமி அம்மையாரின் கதையில் அவள் சொல்லாமல் விட்ட ஒரு பக்கம் உண்டு. 1917இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் ஓர் இடத்தை வாங்கி, பிள்ளைகளும் பணியாளர்களும் போய் இளைப்பாற வீடு கட்டினார் அவர். சொந்த நாட்டை எட்டிப்பார்க்காதவருக்கே காட்டுக்குள் ஒரு திண்ணை தேவைப்பட்டது. அன்பு குறைந்து போனதால் கட்டிய வீடில்லை அது. பிள்ளைகளுக்கும் இது நல்லதுதான். சித்தியின் கதவு சில நேரம் சாத்தியிருக்கும், ஆனாலும் காலையில் சித்தி இருப்பாள் என்று தெரிந்த பிள்ளை தைரியமாகத் தூங்கும். எந்நேரமும் திறந்தே இருந்து, இரண்டே வருஷத்தில் நொந்துபோய்ப் பெட்டியைக் கட்டுகிற சித்தியால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவுதான் மிச்சம். அவள் சேர்ந்தபோது கூட இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆனால் தனக்கும் ஓய்வு வேண்டும் என்று பள்ளி நிர்வாகத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள். வாரத்தில் வியாழக்கிழமை மாலை முழுக்க அவளுக்கு என்று முடிவாகியிருக்கிறது. அன்றைக்கு விடுதியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தேன். சமையலறையில் வேலை செய்யும் உள்ளூர் அம்மாள் ஒருவர், பகல் வேலையை முடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறாராம். எனக்குக் கொடைக்கானல் நாற்காலிதான் ஞாபகம் வந்தது. "உன் பாரத்தை எடுத்து அந்த அம்மா தலையில வெச்சிட்டாங்களா?" என்று கடிந்துகொண்டேன்.

"இல்ல சித்தப்பா, அவங்களுக்கு அந்த நேரத்துக்குத் தனியா காசு உண்டு. மணிக்கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்குறாங்க. எனக்குத்தான் அந்த நோட்டுல பேர் இல்ல."

பள்ளியில் நடக்கும் அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.