அரசின் 'ஆம்' எப்போது 'ஆம்' ஆகிறது?

ஒருவர் தம் நிலத்தை விற்க இசைகிறார்; மற்றவர் இன்ன விலைக்கு வாங்க இசைகிறார். இரு மனங்களும் ஒன்றுபட்ட அந்த வேளையிலேயே ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது என்பது குருமடத்தில் நாங்கள் பயின்ற ஒழுக்க இறையியல். எழுத்தும் முத்திரையும் அந்த இசைவுக்குச் சான்றுகளே. ஆனால், வாங்குபவர் ஒரு மனிதராக இல்லாமல் அரசாக இருந்தால், அந்த இசைவை எங்கே தேடுவது? அரசுக்கெனத் தனியாக ஒரு மனமோ வாயோ இல்லையே!

ஓர் உழவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய இரண்டு ஏக்கர் நிலம் ஓர் அரசுக் கட்டடத்திற்குத் தேவைப்படுகிறது. அதிகாரிகள் வருகிறார்கள், சர்வேயர் அளந்து கல் நடுகிறார், பேச்சுவார்த்தையில் விலையும் படிகிறது. உழவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுகிறார். "இனி நீங்கள் பயிர் வைக்க வேண்டாம்" என்கிறார் அதிகாரி. அதை நம்பி அவர் பக்கத்து ஊரில் வேறு நிலம் பார்த்து, கையிலிருந்ததையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிடுகிறார். ஓராண்டு கழிந்தபின், திட்டம் கைவிடப்பட்டதாகச் செய்தி வருகிறது. அரசு அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டதா? அல்லது வாக்கே கொடுக்கவில்லையா?

சட்டத்தின் விடை பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும். நம் அரசியல் சாசனத்தின் 299-ஆம் உறுப்பின்படி, அரசின் ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரால் செய்யப்படுவதாக அமைய வேண்டும். அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்டவரே அவர் சார்பில் அதை நிறைவேற்ற வேண்டும். இவை வெறும் சடங்குகளல்ல, கட்டாயமானவை என்று உச்ச நீதிமன்றம் 1960-களில் மீண்டும் மீண்டும் தீர்ப்பளித்தது. முத்திரைத்தாளில் தனிப் பத்திரம் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. முறையான கடிதப் போக்குவரத்தே போதும் என 1963-இல் ஒரு வழக்கில் கூறியது. ஆனால் வாய்ச்சொல் போதாது. வீட்டுவசதி வாரியம் போன்ற சட்டப்பூர்வ அமைப்புகளுக்கு இந்த உறுப்பு பொருந்தாது. அவற்றைத் தோற்றுவித்த சட்டங்கள் விதிக்கும் முறைகளே அவற்றைக் கட்டுப்படுத்துகின்றன.

இந்த விதியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொதுப்பணம் எல்லாருடைய பணம். அதில் ஏழையின் வரியும் கலந்திருக்கிறது. எந்த அலுவலரும் தம் நண்பருடைய தரிசு நிலத்திற்குப் பொன்விலை பேசிவிட்டு, "அரசு வாக்களித்துவிட்டது" என்று சொல்ல முடியுமானால் கருவூலம் என்னவாகும்? விதி சில வேளைகளில் எளியவரையும் காக்கிறது. காட்டுக் குத்தகை ஏலம் எடுத்த ஒருவரிடம் மறு ஏலத்தில் ஏற்பட்ட இழப்பை மத்தியப் பிரதேச அரசு கேட்டபோது, 299-ஆம் உறுப்பின்படி ஒப்பந்தமே ஏற்படவில்லையே என்று கூறி 1966-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. முறைமை வேண்டியதுதான். இறைவாக்கினர் எரேமியாகூட அனத்தோத்து நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கியபோது, சாட்சிகளை வைத்து, பத்திரத்தை முத்திரையிட்டு, மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார் அல்லவா?

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. தனக்குக் காவலாக எழுப்பப்பட்ட மதிலை, அரசு தான் ஒளிந்துகொள்ளும் மறைவிடமாகவும் ஆக்கிக்கொள்ளலாமா? 1944-இல் வங்காளத்து ஆராம்பாக்கில், அதிகாரிகள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு நிறுவனம் உணவு வழங்கல் துறைக்குக் கிடங்குகளும் பிற கட்டடங்களும் கட்டிக் கொடுத்தது. துறை அவற்றைப் பயன்படுத்தியது; பணம் கேட்டபோதோ, ஒப்பந்தம் முறைப்படி இல்லை என்றது அரசு. ஒப்பந்தம் இல்லைதான், ஆனால் பிறர் உழைப்பின் பயனை ஏற்றவர் ஈடு கொடுத்தாக வேண்டும் என்று, ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவைக் காட்டி 1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது: அரசின் வாக்குறுதியை நம்பி ஒருவர் தம் நிலையை மாற்றிக்கொண்டிருந்தால், முறையான ஒப்பந்தம் இல்லாவிடினும், அரசு அவ்வாக்கிலிருந்து எளிதாகப் பின்வாங்க முடியாது என்றது. பொதுநலன் வேறுவிதமாகக் கோரினால் விதிவிலக்கும் உண்டு.

இங்கேதான் சட்டமும் மனச்சான்றும் ஒன்றையொன்று நெருங்குகின்றன என்று நினைக்கிறேன். கையெழுத்து விழும் நாளன்று மட்டும் கடமை பிறப்பதில்லை. ஒருவருடைய சொல்லை நம்பி மற்றவர் தமக்கிருந்த வேறு வழிகளை அடைத்துக்கொள்ளும்போதே, சொன்னவர்மேல் ஒரு கடன் ஏறுகிறது. அப்படி நம்பச் சொன்னவரே அவர் என்றால் அக்கடன் இன்னும் பெரிது. அது விலை முழுவதையும் கொடுத்து வாங்கியே தீரவேண்டிய கடனாக இராது. நேர்ந்த இழப்பை ஈடு செய்யும் கடனாகவாவது இருக்கும். கட்டாய நில எடுப்பில் சட்டமே இதை ஏற்கிறது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, நிலத்தைக் கையகப்படுத்தும்வரை விலகிக்கொள்ள அரசுக்கு உரிமை தந்தது. அதேவேளை, விலகினால் உரிமையாளருக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு தரவும் பணித்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93-ஆம் பிரிவும் அவ்வாறே. கவனியுங்கள்: விலகும் உரிமை ஒரு பக்கத்துக்கே, நில உரிமையாளருக்கு அது இல்லை. ஆனாலும் ஈடாவது உண்டு.

நாம் எண்ணிப் பார்த்த உழவருக்கு அதுவும் இல்லை. அவர் நிலம் பேச்சுவார்த்தையில் மட்டுமே நின்றது. நில எடுப்பு அறிவிப்பு வெளிவரவில்லை, ஆகவே 93-ஆம் பிரிவு அவரைத் தொடாது. ஆளுநர் பெயரால் ஒப்பந்தமும் எழுதப்படவில்லை. கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஈடு, மனமுவந்து இசைந்ததால் கிடைக்காமல் போகிறது! 1978-இன் தீர்ப்பைக் காட்டி அவர் உயர் நீதிமன்றம் செல்லலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, பயிர் வைக்க வேண்டாம் என்று சொன்ன அதிகாரிக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் இருந்ததா என்பது. அதற்கு விடை சொல்லும் கோப்பு அலுவலகத்தில் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வேண்டிய பணமோ பக்கத்து ஊர் நிலக்காரரிடம் முன்பணமாக இருக்கிறது.