கைமடிக்குத் தெரிந்த சத்தம்

தன் வாழ்க்கைக் கதையை எழுத உட்காரும் திருப்பூர் பனியன் தொழிலாளர் பலரும் "கஷ்டப்பட்டு வேலை செய்தேன்" என்றுதான் தொடங்குகிறார்கள். பொய்யில்லை. ஆனால் திருப்பூரில் கால் வைக்காதவர்கூட அந்த வரியை எழுதிவிடலாம். அந்தக் கஷ்டம் உடம்பில் எங்கே விழுந்தது என்று சொல்லும்போதுதான் அது அவருடைய கதையாகிறது.

கைமடி வேலையை எடுத்துக்கொள்வோம். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியோரத்தை மடித்துக் கொடுப்பது, தைத்து வருவதை வாங்கி அடுக்குவது. வெளியாளுக்கு அந்தத் தையல் கூடம் முழுக்க ஒரே இரைச்சல். அங்கே நின்றவருக்கு ஓவர்லாக் மெஷினின் சத்தம் வேறு, பேட்லாக் மெஷினின் சத்தம் வேறு. நூல் அறுந்தால் கண்ணுக்கு முன்பே காது சொல்லிவிடும். "மெஷின் சத்தம் காதைப் பிளந்தது" என்று எழுதும் கைமடி, தன் கூடத்துக்கே வேடிக்கை பார்க்க வந்தவராகிவிடுகிறார். நூல் அறுந்ததைக் காதால் அறிந்ததாக எழுதினால், எத்தனை காலம் அங்கே நின்றார் என்பதை வாசகர் தானே புரிந்துகொள்வார். கறுப்புத் துணி ஓடிய நாளில் மூக்கைச் சிந்தினால் வருகிற கறுப்பும் அப்படித்தான். பஞ்சுத்தூசி பற்றித் தனியாக ஒரு பத்தி தேவையில்லை.

புலன்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வருஷம் மறந்துபோனவருக்கும் வாசமும் நிறமும் நினைவிருக்கும். அவற்றிலிருந்து காலத்தை மீட்கலாம். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். பள்ளிக்கூடம் போகையில் நொய்யல் சிவப்பாக ஓடியது என்று ஒருவர் எழுதினால், அது வர்ணனை மட்டுமல்ல, அந்தக் காலத்துக்கான சாட்சியம். 2012இன் மின்வெட்டுக் காலத்தில் வேலை பார்த்தவருக்கு, மெஷின்கள் சட்டென்று அடங்கியதும் கிளம்பிய ஜெனரேட்டர் உறுமலும் டீசல் நாற்றமும் மறந்திருக்காது. மூக்கும் ஏமாறும் என்பதால், கூட வேலை செய்தவர்களிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்ப்பது நல்லது.

சாயத்தண்ணீரின் கதையைத் திருப்பூர்க்காரரான சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' நாவலில் எழுதினார். ஒரே ஒரு புலனுணர்வே போதும் என்பதற்குச் சான்று, 1992இல் வந்த பாமாவின் தன்வரலாறான 'கருக்கு'. விறகு பொறுக்கப் போன சிறுமியின் தோலைக் கீறிய பனங்கருக்குதான் அந்நூலின் பெயர். ஒரு கீறல் ஒரு நூலையே தாங்குகிறது. ஐந்து புலன்களையும் ஒவ்வொரு பக்கத்திலும் வரிசையாகக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

இன்று அதே மெஷின்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். முதல் மாதத்தில் இந்த ஊர் அவர்களுக்கு எப்படி மணத்தது, சூப்பர்வைசரின் தமிழ் எப்படிக் கேட்டது என்பதை அவர்கள் எழுத வேண்டும். நாம் ஊகித்து எழுதக் கூடாது. அவர்கள் மொழியில் கேட்டு வாங்கி மொழிபெயர்க்கலாம்.