சேமிப்பும் பதுக்கலும்

மழைவளம் மிக்கதெனப் பெயர்பெற்ற கேரளத்திலும் மழை மறந்த நிலங்கள் உண்டு. இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில், 1984ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற சின்னாறு அத்தகையது. மலையின் மழைமறைவில் கிடக்கும் அப்பாறை நிலத்தில் முட்காடே மண்டியுள்ளது. பாலக்காட்டுச் சித்தூரின் கீழைப்பகுதியும் நீருக்கு ஏங்குவதே. இங்கு வாழ்வோர் சேர்த்து வைக்காமல் வாழ இயலாது. ஆயினும், அயலான் வாடும்போது என் குடத்தில் மட்டும் நீர் இருப்பது அறமாகுமா?

இவ்வினாவிற்குப் பெருக்கமரத்தினிடம் விடை தேடலாம். ஆப்பிரிக்காவின் வறண்ட வெளிகளுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தனர் என்பர். ஈழத்தில் மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீட்டர். பருத்த அடிமரத்தில் பெரும்பங்கு நீரே. வறட்சியில் இலையுதிர்த்துச் செலவைச் சுருக்கும் இம்மரம், மழை வருமுன்னே சேர்த்த நீரைக்கொண்டு தளிர்க்கிறது. மென்மையான அதன் உடலை நிமிர்த்தி நிறுத்துவதும் அந்நீரே என்பது ஆய்வாளர் முடிபு.

வறட்சியில் யானைகள் அதன் பட்டையை உரித்து மெல்லுகின்றன. உரித்த பட்டை மீண்டும் வளரும். அடிமரத்தையே குடைந்துவிட்டாலோ மரம் வீழும்.

மாதச் சம்பளக்காரர் ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வருங்கால வைப்புநிதியில் பணம் சேர்த்திருக்கிறார். சித்தூர்ப் பக்கம் உழவு செய்யும் தம்பி, ஆழ்துளைக் கிணறு வற்றியதென்று கைநீட்டுகிறான். இல்லையென்றால் உறவு வாடும். முழுவதும் ஈந்தால் மகளின் படிப்பு நின்றுபோகும். யார் பக்கம் அறம்?

மீண்டும் வளரக்கூடியதை மறுப்பது கருமித்தனம் என்பேன். நகையும், அடுத்த ஆண்டு வாங்கலாம் என்னும் வண்டியும் பட்டை போன்றவை. அவற்றைத் தம்பிக்கு ஈதல் கடன். மகளின் படிப்போ அடிமரம். அதனை ஈயும் உரிமை தந்தைக்கும் இல்லை. ஏனெனில் அது மகளுடைய தளிர்.

பதுக்குவோனும் சேர்க்கிறான், ஆனால் பிறர் வறட்சியை எதிர்நோக்கிச் சேர்க்கிறான். அரிசி விலை ஏறும் நாளே அவனுக்குத் தளிர்க்கும் பருவம். சேமிப்போன் தன் வறட்சிக்கு அஞ்சிச் சேர்க்கிறான். இருவர் கிடங்கும் புறத்தோற்றத்தில் ஒன்றே. எவருடைய துன்பத்தை எண்ணி நிரப்பினோம் என்பதை அவரவர் நெஞ்சே அறியும். கைநீட்டி ஒருவர் வாயிலில் நிற்கும் நாளில், நம்மிடம் உள்ளவற்றுள் பட்டை எது, அடிமரம் எது என்று நேர்மையாகப் பிரித்தறிவோமாக.