குறை சொல்லி விற்பவர்

தென்காசிப் பக்கம் பழைய கார் பேசுகிற இடத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எவ்வளவு ஓடியிருக்கு?" எந்த வருஷத்து மாடல், எத்தனையாவது கை, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெண் பார்க்கப் போன வீட்டில் வயதைக் கேட்பது மாதிரி. பதில் என்னவாக இருந்தாலும் கேட்டவர் முகம் கொஞ்சம் சுருங்கும்.

இந்த ஊர் வண்டிகளின் ஓட்டத்தைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தால் ஆவணி வரை குற்றாலத்துக்கும் ஐந்தருவிக்கும் ஆள் ஏற்றி இறக்கியே தேய்கிற வண்டிகள் உண்டு. கார்த்திகை பிறந்ததும் சபரிமலை சாமிமார். செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகிற மலைப்பாதை கிளட்சையும் பிரேக்கையும் தின்னும். சாரல் ஈரம் அடித்தகட்டைத் தின்னும். மேலே பாலிஷ் போட்டு நிறுத்திய வண்டியின் கீழே குனிந்து பார்த்தால்தான் எத்தனை சீசன் பார்த்த வண்டி என்று தெரியும்.

எனக்கு ஒரு கார் தேவைப்பட்டது. மாதம் இரண்டு தடவை அம்மாவைப் பாளையங்கோட்டைக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் இனி முடியாது என்கிற நிலை. கையில் நாலு லட்சத்துக்கும் குறைவு. அலைந்து திரிந்ததில் கடைசியாக இரண்டு வண்டிகள் மிஞ்சின. இரண்டுமே 2013 மாடல் டீசல் டிசையர். ஒன்று 62,000 கிலோமீட்டர், விலை மூன்று லட்சத்து எழுபது. புரோக்கர் ஒருவரின் ஷெட்டில் நின்றது. இன்னொன்று 1,84,000 கிலோமீட்டர், விலை இரண்டு லட்சத்து எண்பத்தைந்து. கடைகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவர் தன் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தது.

மருந்துக்காரர் நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "கிளட்ச் இன்னும் பத்தாயிரம் தாங்குனா பெருசு. எடது பக்கம் பின் கதவு பெயின்ட் பண்ணுனது, ஆரியங்காவு வளைவுல லாரி உரசிட்டு. ஏசி கூலிங் காயில் ஒரு தடவ மாத்தியிருக்கேன்." டேஷ்போர்டைத் திறந்து ஒரு பழைய டைரியை எடுத்துக் கொடுத்தார். ஆயில் மாற்றிய தேதி, அன்றைக்கு மீட்டரில் இருந்த எண், டயர் வாங்கிய விலை எல்லாம் பதினோரு வருஷத்துக்கு எழுதி வைத்திருந்தது.

கூட வந்த மெக்கானிக் இரண்டு வண்டியையும் பார்த்தார். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி வசந்தவல்லியின் கையைப் பிடித்துக் குறி சொல்வாள். இவர் பிடித்தது பிரேக் பெடலை. "மீட்டரப் பாக்காதீய அண்ணாச்சி, பெடலப் பாருங்க" என்றார். 62,000 ஓடியதாகச் சொல்லப்பட்ட வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கிக் கிடந்தது. ஜன்னல் சுவிட்சில் எழுத்தே இல்லை. ஓடுகிற என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. பிறகு ஒரு கணக்குச் சொன்னார்: பதினோரு வருஷத்தில் 62,000 என்றால் ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர். டீசல் பெட்ரோலைவிடக் கணிசமாக மலிவாக இருந்த 2013இல், அதிக விலை கொடுத்து டீசல் வண்டி எடுத்தவர்கள் நிறைய ஓட்டப்போகிறவர்கள். "தெனம் பதினஞ்சு கிலோமீட்டருக்கு எவன் டீசல் வண்டி வாங்குவான்?" 1,84,000 என்றால் நாளைக்கு 46 கிலோமீட்டர். கடையநல்லூர், ஆலங்குளம் என்று கடை கடையாகப் போகிற மனிதருக்கு அது பொருந்துகிற எண்.

ஆக எனக்கு முன்னால் இருந்தது குறைவாக ஓடிய காரா அதிகமாக ஓடிய காரா என்கிற கேள்வி இல்லை. இரண்டும் அதிகம் ஓடியவைதான். ஒன்றைப் பற்றி உண்மை தெரியும், இன்னொன்றைப் பற்றித் தெரியாது. தெரியாததற்கு எண்பத்தைந்தாயிரம் கூடுதல் விலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வீட்டில் இருந்த எல்லோரும், படித்தவர்கள் உட்பட, 62,000 பக்கம்தான் நின்றார்கள். "ரெண்டு லச்சத்தத் தொட்ட வண்டிய ஆசப்பட்டு வாங்குத ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றான் மச்சான். மீட்டர் திருத்தப்பட்டிருக்கலாம் என்று சொன்னால், "திருத்தாத வண்டி எது? பாக்க நல்லா இருக்குல்லா" என்கிற பதில்.

விற்பவர் எதையெல்லாம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது மிகப் பழைய வழக்கு. நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு ஒரு குதிரை இருக்கிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. ஒன்றை முனைந்து மறைப்பது மோசடி. மீட்டரைத் திருத்துவது சந்தேகமில்லாமல் அதில் வரும். ஆனால் வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. அதற்கு உதாரணமாக வருகிறது அந்தக் குதிரை. குறையுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மோசடி இல்லை என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தில் குதிரையை வாங்குகிறவள் அவருடைய மகள், அப்போதுதான் வயதுக்கு வந்தவள். அந்த உறவின் காரணமாகவே குறையைச் சொல்வது அவர் கடமையாகிவிடுகிறது. மூன்றாவது உதாரணம்தான் எனக்குப் பிடித்தது. வாங்குபவர் சொல்கிறார்: நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். விற்பவர் பேசாமல் நிற்கிறார். இங்கே மௌனமும் பேச்சுதான்.

ஒரே குதிரை, ஒரே குறை. வாங்குகிறவர் யார், என்ன கேட்டார் என்பதை வைத்து மௌனத்தின் எடை மாறுகிறது. சட்டம் இந்த அளவுக்கு வந்ததே பெரிது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் வியாபாரமே உறவுமுறை சொல்லித்தான் நடக்கிறது. ஷெட்டில் கால் வைத்தவுடன் "வாங்க அண்ணாச்சி". விலை பேசும்போது "நம்ம பையன்லா". கைகொடுக்கும்போது "ஒங்களுக்குன்னுதான் இந்த வெல". சட்டத்தின் மகளுக்கு உரிய சொற்களை எல்லாம் நமக்குக் கொடுத்துவிட்டு, ஏலத்தில் நின்ற அந்நியனுக்கு உரிய மௌனத்தை வைத்து வியாபாரத்தை முடிக்கிறார்கள். அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அண்ணனுக்குச் சொல்வதைச் சொல்ல வேண்டாமா?

சிசெரோ தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' நூலில், கி.மு. 44இல், இதே வழக்கை ஒரு வீட்டை வைத்துப் பேசுகிறார். வீட்டின் மரம் உளுத்துப்போனது, படுக்கையறைகளில் பாம்பு புழங்குகிறது. அது உரிமையாளருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விற்கலாமா? ஸ்டோயிக் ஞானிகளில் குருவான பாபிலோனிய டயோஜெனிஸ், யாரும் உன்னை வாங்கக் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார். உளுத்த வீடு விற்பனைக்கு என்று எவனாவது தண்டோரா போடுவானா என்றும் கேட்கிறார். சீடர் ஆன்டிபேட்டர், தெரிந்துகொண்டே சொல்லாமலிருப்பது வழி தவறியவனுக்கு வழிகாட்டாமல் போவதைவிட மோசம் என்கிறார். சிசெரோ சீடர் பக்கம். வள்ளுவரும் அந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். பிறர் பொருளையும் தன் பொருளைப் போலப் பேணிச் செய்வதே வணிகம் என்பதை அவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார்.

இந்த வாதங்கள் எல்லாவற்றிலும் கூண்டில் நிற்பவர் விற்பவர் மட்டும். வாங்குபவர் அப்பாவி, ஏமாறக் காத்திருப்பவர். எனக்கு அதில்தான் சந்தேகம். 62,000 வண்டியை வேண்டாம் என்று சொன்னபோது புரோக்கர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "உள்ள நம்பரோட நிப்பாட்டுனா ஒருத்தனும் வண்டி கிட்ட வரமாட்டான் அண்ணாச்சி. நாங்களா திருத்துதோம்? வாங்குத நீங்கதான் திருத்தச் சொல்லுதீய." இதை வெறும் சால்ஜாப்பு என்று ஒதுக்க முடியவில்லை. எல்லோருக்கும் தெரியும், எண் பொய் என்று. தெரிந்தும் அதற்கு விலை கொடுக்கிறோம். அந்தக் கூடுதல் எண்பத்தைந்தாயிரம் காருக்கு இல்லை; நாளைக்கு மச்சான் மாதிரி ஒருவர் வந்து மீட்டரை எட்டிப் பார்க்கும்போது நமக்கு வெட்கமாக இருக்கக்கூடாது என்பதற்கு.

ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்ததும் அதில் தொடங்கிய வேலைதான். எது நல்ல வண்டி என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அது கட்டாது, சந்தையைவிட்டு ஒதுங்கிவிடுவார். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். மோசமானது நல்லதை வெளியே தள்ளும். அகர்லோஃப் கணக்கில் வாங்குபவருக்கு உண்மை தெரியாது என்பதுதான் சிக்கல். மருந்துக்காரர் வாசலில் நான் பார்த்தது வேறு. அங்கே உண்மை டைரியாக எழுதிக் கையில் கொடுக்கப்பட்டது. எனக்கு முன்னால் வந்த ஏழு பேர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் இருந்ததையே காரணம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் இரண்டு லட்சத்துக்குக் கேட்டாராம்.

குறை சொன்னவரிடம் பேரம் பேசலாமா? பேசலாம், ஓர் அளவு வரைக்கும். கிளட்ச் மாற்ற மெக்கானிக் கணக்கில் பன்னிரண்டாயிரம் ஆகும் என்றால் பன்னிரண்டாயிரம் குறைக்கக் கேட்பது நியாயம். அவர் சொன்ன குறையைப் பிடித்துக்கொண்டு ஐம்பதாயிரம் குறைக்கச் சொன்னால், மிச்சம் முப்பத்தெட்டாயிரம் அவர் உண்மை சொன்னதற்கு நாம் போட்ட அபராதம். அடுத்த வண்டியை விற்கும்போது அவர் டைரியை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். அவரைப் புரோக்கராக மாற்றிய பெருமை வாங்க வந்த ஏழு பேருக்கும் பங்கு பிரித்துச் சேரும்.

தென்காசிக் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பாட்டாக வெட்டி வைத்தது. கோயில் கட்டிய ராஜாக்கள் கல்லில் வழக்கமாக வெட்டுவது தானமும் பெருமையும், அழிப்பவனுக்குச் சாபமும். இந்த மனிதன் எழுதியது வேறு: இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்து, அதை யார் வந்து சரிசெய்து காப்பாற்றினாலும், அவர்களை உலகம் அறிய வணங்குகிறேன் என்று. தான் கட்டியதற்குக் குறை வரும் என்று கட்டியவனே ஒத்துக்கொள்கிறான். பின்னாளில் கோபுரம் இடிந்து பிளந்து நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது; மறுபடி கட்டிக் குடமுழுக்கு நடந்தது 1990இல். கண்ணால் பார்க்கவே போகாத அடுத்த கைக்காரரை அவன் முன்கூட்டியே கும்பிட்டுவிட்டான். காரையும் கோபுரத்தையும் ஒன்றாகப் பேசுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் தேயும் பொருளை அடுத்தவர் கையில் கொடுக்கிற எவருக்கும் அந்தக் கல்வெட்டைத் தவிர வேறு நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாயிரம் குறைத்து மருந்துக்காரரின் வண்டியை வாங்கினேன். உடனே சொல்லிவிட வேண்டும்: உண்மை சொல்லி விற்ற வண்டி ரிப்பேர் ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாவது மாதம் பாவூர்சத்திரம் தாண்டி ஆல்டர்னேட்டர் போய் நின்றது, பின்சீட்டில் அம்மா இருக்கும்போது. அவருக்கே தெரியாத குறையை அவர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? நேர்மை வாரண்டி கிடையாது. மச்சானுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

விற்கிற அன்றைக்கு மருந்துக்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், என்கூடவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்து பெயர் மாற்ற மனுவைக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றால் பதினாலு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொன்னது இதைத்தான். வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்றைக்குப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அந்தத் தீர்ப்பை அவர் படித்திருப்பார் என்று தோன்றவில்லை. "எம் பேர்ல இருக்குத வரைக்கும் இது எவன இடிச்சாலும் நான் இடிச்ச மாதிரிதான?" என்றார்.

இப்போது மீட்டர் 1,97,000. இரண்டு லட்சம் தாண்டுவதற்குள் கொடுத்துவிட்டால் நல்ல விலை போகும் என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றிருக்கிறேன். டைரி அதே டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. அவர் விட்ட பக்கத்திலிருந்து என் கையெழுத்து. ஆல்டர்னேட்டர் மாற்றிய தேதியும் செலவும் அதில் இருக்கிறது.